செய்த வேலையைச் சொல்வது தற்பெருமையா?

சென்ற கோடையின் இறுதியில் ஒருநாள், குன்னூரில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சகோதரர் என்னை நிறுத்தி, நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார். கோவையில் உணவுப்பொருள் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில், உலர்த்தும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவை என்று உறவினர் சொல்லியிருக்கிறார். அதற்கான விண்ணப்பம் அது. மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஆகவே இப்படித் தாள்கள் வந்து சேர்வது புதிதன்று. விரித்துப் பார்த்தேன். பெயர், தந்தை பெயர், முகவரி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அதன்கீழ் ஒரே ஒரு வரி: ‘தேயிலைத் தொழிற்சாலையில் 21 ஆண்டு வேலை.’

“வேறு ஒன்றும் எழுதவில்லையே?” என்றேன்.

“எழுதறதுக்கு என்ன பாய் இருக்கு? இலை வந்துச்சு, தூளாக்கினோம்” என்றார்.

அருகிலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன அடைந்து கிடந்தன என்பது வெளிப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் லாரியிலிருந்து இலை மூட்டை இறக்கி எடை போட்டிருக்கிறார். பிறகு இலையை வாட்டும் தொட்டிகளுக்கு மாற்றப்பட்டார். மழைக்காலத்தில் நனைந்து வரும் இலைக்கு எவ்வளவு நேரம் காற்று விட வேண்டும், பனிக்காலத்து இலைக்கு எவ்வளவு போதும் என்பதைக் கைப்பிடியில் அழுத்திப் பார்த்தே சொல்லப் பழகினார். அடுத்து, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் ரோலர்கள். அதன்பின் ட்ரையர். கடைசி ஏழு ஆண்டுகளில், டீ மேக்கர் விடுப்பில் போன நாள்களிலெல்லாம் இரவு ஷிப்ட் முழுவதையும் இவர்தாம் நடத்தியிருக்கிறார். ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அரைகுறை இந்தியில் இயந்திரத்தைக் கற்றுக் கொடுத்ததும் இவரே. ஆயினும் முதல் மாதச் சம்பளச் சீட்டிலும் கடைசி மாதச் சம்பளச் சீட்டிலும் அவருடைய பதவிப்பெயர் ஒன்றேதான்: தொழிலாளி.

“இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். “நம்மைப் பத்தி நாமே சொல்லிக்கிறது பெருமை இல்லையா பாய்? அல்லாஹ் அறிஞ்சா போதாதா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு உரிய மரியாதையுடன் விடை தேட வேண்டும் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம். ஏனெனில் இதை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. நம் சகோதரர்களில் நல்லொழுக்கம் உடையவர்கள், முகஸ்துதிக்கு அஞ்சுபவர்கள், தொழுகையில் பேணுதல் உள்ளவர்கள்தாம் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். வாய் கூசாதவர்கள் கேட்பதில்லை. அவர்கள் செய்யாததையும் சேர்த்து எழுதி, வேலையைப் பெற்றுப் போய்விடுகிறார்கள். பேணுதல் உள்ளவர் பின்தங்கி, பேணுதல் இல்லாதவர் முந்துவது மார்க்கத்தின் விருப்பமாக இருக்க முடியுமா?

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். கிணறு, சிறை, கனவு என்று அதன் உருக்கமான பகுதிகளிலேயே நம் பயான்கள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. அந்த அத்தியாயத்தின் 55-ஆம் வசனத்தை ஒரு வேலை தேடுபவரின் கண்ணோடு நாம் படிப்பதில்லை. நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அவர்கள் அரசரிடம் தாமே கேட்கிறார்கள். அதற்குரிய தகுதியாக இரண்டைத் தாமே எடுத்துரைக்கிறார்கள்: பாதுகாக்கத் தெரிந்தவர், விவரம் அறிந்தவர். ஒரு நபி தம் திறமையைத் தம் வாயால் சொன்னார்கள்.

பதவியைக் கேட்டுப் பெற வேண்டாம் என்று அப்துர் ரஹ்மான் பின் சமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்த அறிவுரை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளதே என்று சிலர் கேட்கலாம். உள்ளது. மக்கள்மீது அதிகாரம் செலுத்தும் பதவிக்கு ஆசைப்படுவதைப் பற்றியது அது என்பதையும், தகுதியுடையவர் தேவைப்படும் இடத்தில் தம் தகுதியைத் தெரிவிப்பது வேறு என்பதையும் ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். ட்ரையரின் வெப்பத்தைச் சரியாக வைக்கத் தெரியும் என்று சொல்வதில் ஆட்சி ஆசை எங்கே இருக்கிறது?

அந்த 55-ஆம் வசனத்துக்கு முன்னால் நடந்தவற்றின் வரிசையையும் கவனிக்க வேண்டும். கனவின் விளக்கத்தோடு நின்றுவிடாமல், ஏழு செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு எப்படிச் சேமிப்பது, பின்வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்ற திட்டத்தையும் அவர்கள் முதலிலேயே தந்துவிட்டார்கள். அரசர் அழைத்தபோதும் உடனே சிறையிலிருந்து வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை விசாரிக்கச் சொன்னார்கள். சம்பந்தப்பட்ட பெண்களே உண்மையை ஒப்புக்கொண்டார்கள். வேலையின் சான்று முதலில் வந்தது, நடத்தையின் சாட்சியம் அடுத்து வந்தது, அதன் பிறகே சொந்த வாயால் சொல்லும் வார்த்தை. இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் அது வெறும் பெருமைப் பேச்சாகிறது.

மூஸா (அலை) அவர்களின் நிகழ்ச்சியில் அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. மத்யனில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார்கள். நேரில் கண்ட பெண்ணே தந்தையிடம் பரிந்துரைத்தார்: வலிமையும் நம்பகமும் உள்ளவர், கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று. கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருளோடு நம் நபி (ஸல்) அவர்கள் சிரியாவுக்குச் சென்றபோது உடன் சென்ற பணியாளர் மைஸரா, திரும்பி வந்து தாம் கண்டதையெல்லாம் முதலாளியிடம் சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இன்றைய நிறுவனங்கள் ஆண்டு மதிப்பீடு என்று அழைப்பது ஏறத்தாழ இதைத்தான்.

நம் சகோதரருக்கு ஒரு மைஸரா கிடைக்கவில்லை. இது அவருடைய தவறன்று. மலையின் வேலை முறையே அப்படி அமைந்தது.

வெள்ளையர் காலத் தோட்டங்களில் எழுத்து என்பது ஆபீசுக்கு உரியது. துரை, ரைட்டர், மேஸ்திரி, தொழிலாளி என்ற படிக்கட்டில், கீழ்ப்படியில் இருப்பவரைப் பற்றிப் பதிவானவை இரண்டே செய்திகள்: வந்தாரா இல்லையா, எவ்வளவு இலை பறித்தார். கவாத்து வெட்டுவதில் ஒருவர் எவ்வளவு தேர்ந்தவர், புதிய செடிகளை எத்தனை பேர் வாடாமல் காப்பாற்றினார்கள் என்பதற்கெல்லாம் பேரேட்டில் கட்டமே கிடையாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகி, அவர்களில் பலர் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தபோதும் இதே கதைதான். இலங்கையின் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளாகச் சேர்த்த கைத்திறன் அவர்களோடு வந்தது. அதற்கான தாள் வரவில்லை. டான்டீ தோட்டங்களிலும் பிற தோட்டங்களிலும் அவர்கள் மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்கினார்கள்.

குடியிருக்கும் லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டிருப்பதால், வேறு முதலாளியிடம் போய்த் தம்மை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே பலருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. “துரைக்குத் தெரியும்” என்பதே போதுமானதாக இருந்தது. அந்தத் துரை மாறும்போது, தோட்டம் கைமாறும்போது, தொழிற்சாலை பூட்டப்படும்போது, தெரிந்த ஒரே மனிதரும் போய்விடுகிறார்.

இதே மாவட்டத்தில் வேறு மாதிரியும் இருந்தது. அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி அடுத்த நிலைக்கு உயர வேண்டுமானால், தொழில் தேர்வு எழுதி, செய்முறை காட்டித் தேற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆணை, ஒரு தேதி, ஒரு கையொப்பம். அங்கே ஓய்வு பெற்ற ஒருவரால் தம் நாற்பது ஆண்டுகளை ஆண்டுவாரியாக மேசைமேல் பரப்பிக் காட்ட முடியும். அங்கிருந்து சில மைல் தள்ளி உள்ள ஓர் இலைத் தொழிற்சாலையில், அதே அளவு திறன் பெற்ற மனிதரிடம் காட்ட ஒன்றுமில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு உழைப்பில் இல்லை.

ஆனால் ஆணைகளும் கையொப்பங்களும் இருந்தாலே போதும் என்றும் சொல்வதற்கில்லை. உதகை இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை மலைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எக்ஸ்ரே படச்சுருள், கறுப்பு வெள்ளைத் திரைப்படச் சுருள், புகைப்படத் தாள் என்று ‘இந்து’ என்ற பெயரில் நாடெங்கும் போனவை அங்கே பிறந்தவை. ஒளி பட்டால் கெட்டுவிடும் பொருள் என்பதால் பூச்சு வேலை இருட்டிலேயே நடக்கும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கையாலும் கவனத்தாலும் வேலை செய்யப் பழகிய மனிதர்கள் அவர்கள். நிறுவனம் 1990களில் நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் முறை வந்து படச்சுருளையே துடைத்தெடுத்தது. 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அரசு நிறுவனம் ஆதலால் அவர்களிடம் தாள்கள் இருந்தன. அந்தத் தாள்களில் இருந்த பதவிப்பெயர்களும் பிரிவுப்பெயர்களும் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே பொருள் தருபவை என்பதுதான் தொல்லை. படச்சுருள் செய்யும் வேறு ஆலை அருகில் இல்லாதபோது, ‘படச்சுருள் பூச்சுப் பிரிவில் பணி’ என்ற வரியைப் படிக்கும் கோவை முதலாளி என்ன புரிந்துகொள்வார்? அதையே பிரித்து, தூசு நுழையாத அறையில் பணி, அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நிலையாக வைத்திருத்தல், மெல்லிய படலத்தைச் சீரான கனத்தில் பூசுதல், குறையுள்ள சுருளைக் கண்டுபிடித்து ஒதுக்குதல் என்று எழுதியிருந்தால், மருந்து ஆலைக்காரருக்கும் பொதிவுத் தாள் செய்பவருக்கும் அதில் தமக்கு வேண்டியது தெரிந்திருக்கும். நம் தொழிலின் சொல்லை அடுத்த தொழிலின் சொல்லாக மாற்றி எழுதத் தெரிவதும் ஒரு திறமை. இதைக் கற்றுத் தர நம் ஊரில் ஆளில்லை.

தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். நானும் அந்தச் சகோதரரும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ‘செய்தேன்’ என்பதை ‘இவ்வளவு செய்தேன்’ என்று மாற்றும் வேலையைத் தொடங்கினோம். தேயிலைத் தொழிலில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4 முதல் 4½ கிலோ பச்சை இலை வேண்டும். எத்தனை கிலோ இலை உள்ளே போயிற்று, எத்தனை கிலோ தூள் வெளியே வந்தது என்பது ஒவ்வொரு நாளும் எழுதப்படும் கணக்கு. ட்ரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரப்பதம் 3 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும், வெப்பத்தை மிகையாக ஏற்றினால் கருகல் வாடை வரும். அதற்கும் அளவு உண்டு, அதுவும் எழுதப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குன்னூரில் 1963 முதல் நடந்து வரும் தேயிலை ஏலம். ஒவ்வொரு தொழிற்சாலையின் தூளும் அதனதன் மார்க்கின் பெயரில் ஏலத்துக்குப் போகிறது. தரகர்கள் முன்கூட்டியே சுவைத்துப் பார்த்துக் குறை நிறை எழுதி அனுப்புகிறார்கள். அதன்பின் சந்தை விலை சொல்கிறது. ஏலத்தின் பொதுச் சராசரியைவிட நம் மார்க் கூடுதலாக விற்றதா, குறைவாக விற்றதா என்பது வாரந்தோறும் தெரியவரும். ஓர் ஆசிரியரோ எழுத்தரோ தம் முன்னேற்றத்தை எண்ணில் காட்டத் திணறுவார். தூள் செய்பவரின் வேலைக்கு வாராவாரம் வெளியார் மதிப்பெண் போடுகிறார்கள்! இதை ஒரு நோட்டில் குறித்து வைத்தவர் எத்தனை பேர்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஏல விலை ஏறினால் அது ஒருவருடைய கைவண்ணம் மட்டுமன்று. நல்ல இலை பறித்தவர், அதைக் காலத்தில் கொண்டு வந்த லாரிக்காரர், பனிக்காலத்தின் தன்மை, வடநாட்டுத் தேவை என எத்தனையோ அதில் உண்டு. ஆகவே ‘என்னால் விலை உயர்ந்தது’ என்று எழுதுவது பொய்யின் எல்லையைத் தொடும். ‘இரவு ஷிப்டில் ட்ரையர் என் பொறுப்பில் இருந்த காலத்தில், கருகல் பற்றிய தரகர் குறிப்பு இத்தனையிலிருந்து இத்தனையாகக் குறைந்தது’ என்று எழுதினால் அது உண்மை, சரிபார்க்கவும் கூடியது. தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவரைப் பொய்யாடை உடுத்தவருக்கு ஒப்பிட்ட நபிமொழி நமக்குத் தெரியும். பணம் கொடுத்து வாங்கும் போலி அனுபவச் சான்றுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. வளைகுடா செல்லும் அவசரத்தில் நம் இளைஞர்கள் சிலர் இந்த ஆடையை உடுத்துகிறார்கள். சவூதி அரேபியா இப்போது பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற தொழில்களுக்கு விசாவுக்கு முன்பே திறன் தேர்வு வைக்கிறது. கருவியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லும் இடத்தில் போலித் தாள் எவ்வளவு நேரம் நிற்கும்?

பயிற்சிச் சான்றிதழ்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கலாம். மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்ததற்காகத் தரப்படும் தாள்களைச் சேர்த்து வைப்பது வளர்ச்சியாகாது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். வகுப்பில் கற்றதால் மறுநாள் வேலையில் எது மாறியது என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டுமே அந்தத் தாளுக்கு எடை. அதே வேளையில், பள்ளிப்படிப்பு குறைந்தவர்கள் ஏற்கெனவே அறிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் முறை ஒன்று மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தின் ஒரு பகுதி அது. முன்கற்றலுக்கு அங்கீகாரம் என்பது அதன் பெயர். இருபது ஆண்டு ட்ரையர் முன் நின்றவரை மீண்டும் வகுப்பறையில் உட்கார வைக்காமல், நேரே சோதித்து நிலை குறிப்பது என்ற அதன் கருத்து நம் மலைக்கு மிகவும் ஏற்றது. ஜமாஅத்துகள் கோடைக்கால மார்க்க வகுப்புக்கு இடம் ஒதுக்குவதுபோல இதற்கும் ஒரு நாள் ஒதுக்கி, விவரம் அறிந்தவரை அழைத்து விளக்கச் சொல்லலாம். செலவு பெரிதாகாது.

இன்னொன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே நிரந்தர எண் தரப்படுகிறது. அந்தக் கணக்கைத் திறந்தால் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம், எந்த மாதம் எவ்வளவு சம்பளத்துக்குப் பிடித்தம் போயிற்று என்பது தெரியும். முதலாளி சான்று தர மறுத்தாலும் இதை மறைக்க முடியாது. சம்பளம் படிப்படியாக ஏறியிருந்தால் அந்த ஏற்றமே ஒரு சாட்சி. நம் சகோதரர் தம் கணக்கை அன்றுவரை திறந்ததே இல்லை. திறந்தபோது, அவர் சேர்ந்த தேதி நான்கு ஆண்டு பிந்திப் பதிவாகியிருந்தது. முதல் நான்கு ஆண்டுகள் அவர் கணக்கிலேயே இல்லை.

இதுவரை தொழிலாளியின் பக்கம் பேசினேன். இனி நம் முதலாளிகளிடம் பேச வேண்டும், அது சற்றுக் கடினமான பேச்சு.

உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நம்மவர்கள் நடத்தும் கடைகள் ஏராளம். பேக்கரி, துணிக்கடை, இரும்புக் கடை, காய்கறி மண்டி, உணவகம், தங்கும் விடுதி. அவற்றில் வேலை செய்பவர்களில் எத்தனை பேரிடம் பணி நியமனக் கடிதம் இருக்கிறது? பதினைந்து ஆண்டு வர்க்கி சுட்ட மாஸ்டருக்கு, அவர் வர்க்கி சுட்டார் என்று ஒரு வரி எழுதித் தர எத்தனை முதலாளிகள் முன்வருவார்கள்? ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர்கள், பெருநாளுக்குப் புத்தாடை எடுத்துக் கொடுப்பவர்கள், தொழிலாளியின் மகள் திருமணத்துக்கு முன்நின்று செலவு செய்பவர்கள், இந்த ஒற்றைத் தாளைத் தருவதற்கு மட்டும் தயங்குகிறார்கள்.

எனக்கே நேர்ந்தது. இளவயதில் ஒரு வணிக நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். சேரும்போது ரசீது கிழிப்பது என் வேலை. விலகும்போது ஆண்டுக் கணக்கை முடித்து, வரி அலுவலகத்துக்கும் நானே போய்வந்தேன். அனுபவச் சான்று கேட்டபோது உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சான்று கொடுத்தா நீ போயிடுவே. நம்ம பையன் எங்கே போகணும்?” அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பினால், அடுத்த இடத்தில் மீண்டும் ரசீது கிழிப்பதிலிருந்து தொடங்கினேன். இழந்த சம்பளத்தைவிட, கற்றதை மீண்டும் கற்பதுபோல நடித்த அந்த இரண்டு ஆண்டுகள்தாம் இன்றும் உறுத்துகின்றன.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதிக்கொள்ளவும், சாட்சி வைக்கவும் அது பணிக்கிறது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அது கடனைப் பற்றியது, வேலையைப் பற்றியதன்று என்பவர்களுக்கு என் பதில் இது: ஒருவரின் 21 ஆண்டு உழைப்பையும் அதில் அவர் பெற்ற தேர்ச்சியையும் அறிந்த ஒரே சாட்சி அவருடைய முதலாளி. சாட்சியத்தை மறைப்பதைப் பற்றி அதற்கு அடுத்த வசனம் என்ன சொல்கிறது என்பதை அவரவர் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நாட்டுச் சட்டமும் இதைத் தயவாக விட்டுவிடவில்லை. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளே, நிரந்தரத் தொழிலாளி பணியிலிருந்து விலக்கப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் பணிச்சான்று பெறுவதை அவரது உரிமையாக வைத்தன. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பணி நியமனக் கடிதம் தருவதை முதலாளியின் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. சிறு கடைகளுக்கு இவை எந்த அளவு பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள், கடை முத்திரை, நான்கு வரி. சேர்ந்த தேதி, அன்று செய்த வேலை, இன்று செய்யும் வேலை, நடத்தை. தாள் கிடைத்தால் ஓடிவிடுவார் என்று அஞ்சும் முதலாளி, தம்மிடம் ஆள்கள் ஏன் தங்க வேண்டும் என்ற கேள்வியைத் தம்மிடமே கேட்டுப் பார்க்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒரு சொல் மட்டும். தந்தையின் கடையில் ஐந்தாண்டு கணக்குப் பார்த்த பட்டதாரிப் பெண், திருமணத்துக்குப் பின் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘அனுபவம் இல்லை’ என்று எழுதுகிறாள். வீட்டுக் கடை என்பதால் அது வேலையாகாது என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சம்பளப் பதிவேட்டில் மகளின் பெயரை எழுதாத தந்தைகள்தாம் முதலில் சொன்னார்கள் என நினைக்கிறேன்.

அன்று மஃக்ரிப் பாங்கு சொல்லும்வரை எழுதினோம். ஒரே வரியாக இருந்தது ஒரு முழுப் பக்கமாயிற்று. ஆண்டுவாரியாக ஐந்து படிகள், ஒவ்வொன்றின் கீழும் அவர் பொறுப்பில் இருந்தது என்ன என்பது. ‘தேயிலை ட்ரையர்’ என்பதைத் ‘தொடர் ஓட்ட வெப்பக்காற்று உலர்த்தி’ என்றும் சேர்த்து எழுதினோம், கோவைக்காரருக்குப் புரிவதற்காக. பழைய டீ மேக்கர் ஒருவர் கோத்தகிரியில் ஓய்வில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, தம் பெயரையும் எண்ணையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுமாறு சொன்னார். “அவன் இல்லேன்னா எனக்கு லீவே கிடைச்சிருக்காது” என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை ஒலிபெருக்கியில் கேட்டபோது நம் சகோதரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மீண்டும் வந்தார். தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வரியை அடிக்க வேண்டும் என்றார். ஒரு பருவம் முழுவதும் ஈரப்பதம் அளவு தவறவில்லை என்று நான் எழுதியிருந்தேன். இரவு முழுவதும் யோசித்திருக்கிறார். அந்தப் பருவத்தில் மூன்று வாரம் பகல் ஷிப்டில் இருந்ததாகவும், அப்போது இரவு ட்ரையரில் நின்றது வேறொருவர் என்றும் சொன்னார். அடித்துவிட்டு, மூன்று வாரம் நீங்கலாக என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன்.